கல்லும் நெருப்பும்: நியாயாதிபதிகள் நூலின் அபிமெலேக்குக் கதையில் துரோகமும் தெய்வத் தீர்ப்பும்

முன்னுரை

எபிரேய மறைநூலில் துரோகமும் தெய்வத் தீர்ப்பும் இணைந்து வரும் கதைகள் பல. தம்பியை வயலுக்கு அழைத்துச் சென்று கொன்ற காயீன், உடன்பிறந்தவனை விற்ற யாக்கோபின் மைந்தர், தன் படைவீரன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது, திராட்சைத் தோட்டத்திற்காக நாபோத்தின் மீது பொய்வழக்குப் புனைய இடங்கொடுத்த ஆகாபு எனப் பலரை அந்நூல் காட்டுகிறது. இக்கதைகளுள் பெரும்பாலானவற்றில் குற்றத்தின் பின் ஒரு குரல் எழுகிறது. காயீனிடம் இறைவனே பேசுகிறார். தாவீதிடம் நாத்தானும் ஆகாபிடம் எலியாவும் தீர்க்கதரிசிகளாக வந்து நிற்கின்றனர். குற்றம், குற்றச்சாட்டு, தீர்ப்பு என்னும் வரிசை அங்கே தெளிவாக உள்ளது.

நியாயாதிபதிகள் நூலின் 9ஆம் அதிகாரம் இவ்வரிசையினின்று விலகி நிற்கிறது. அங்கு இறைவன் எவரிடமும் பேசுவதில்லை. தீர்க்கதரிசியும் வருவதில்லை. இஸ்ரவேலின் இறைவனுக்கே உரிய 'யாவே' என்னும் பெயர் அவ்வதிகாரத்தின் 57 வசனங்களில் ஓரிடத்திலும் காணப்படவில்லை; 'எலோகிம்' என்னும் பொதுப்பெயர் மட்டுமே வருகிறது. ஆயினும் கதைசொல்லி இறுதியில், நடந்தவை யாவும் தெய்வத்தின் செயலே என்று உறுதியாகக் கூறி முடிக்கிறார். தெய்வம் ஏறத்தாழ மறைந்தே நிற்கும் ஒரு கதையைத் தெய்வத் தீர்ப்பின் கதையென்று எவ்வாறு வாசிப்பது? அத்தீர்ப்பு எதனைக் கருவியாகக் கொள்கிறது? யாரைத் தொடுகிறது? இவ்வினாக்களை அதிகாரத்தின் சொல்லமைப்பையும் கதைப்பின்னலையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இடப்பெயர்களும் ஆட்பெயர்களும் தமிழ் வாசகரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பின் வடிவிலேயே ஆளப்பட்டுள்ளன.

கதையின் பின்புலம்

மீதியானியரை வென்ற கிதியோனுக்கு எழுபது மைந்தர் இருந்தனர். அவர்களுக்குப் புறம்பாக, சீகேம் நகரில் வாழ்ந்த மறுமனையாட்டி ஒருத்தி அவனுக்கு மற்றொரு மகனைப் பெற்றாள். அவனே அபிமெலேக்கு. கிதியோன் இறந்தபின் அவன் தன் தாயின் உறவினரிடம் சென்று, எழுபது பேர் ஆள்வது நல்லதா, ஒருவன் ஆள்வது நல்லதா என்று கேட்டுச் சீகேமின் தலைவர்களைத் தன்பக்கம் இழுக்கிறான். பாகால்பேரீத் கோவிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசுகளைப் பெற்று, அதனைக் கொண்டு வீணரைக் கூலிக்கு அமர்த்தி, ஓப்ராவிலிருந்த தந்தையின் வீட்டில் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் கொல்கிறான். இளையவனாகிய யோதாம் மட்டும் ஒளிந்து தப்புகிறான். அபிமெலேக்கு அரசனாக்கப்படுகிறான். மூன்றாண்டுகளுக்குப் பின் அவனுக்கும் சீகேமியருக்கும் பகை மூள்கிறது, நகரம் அழிகிறது, அவனும் தேபேஸ் என்னும் ஊரில் ஒரு பெண் எறிந்த திரிகைக் கல்லால் வீழ்கிறான்.

இக்கதையின் வேர் முந்தைய அதிகாரத்தில் உள்ளது. மக்கள் அரசாட்சியை அளித்தபோது கிதியோன், தானோ தன் மகனோ ஆளப்போவதில்லை, இறைவனே ஆள்வார் என்று மறுத்தான். ஆயின் அவன் செயல்கள் அம்மறுப்போடு பொருந்தவில்லை. கொள்ளைப் பொருளிலிருந்து 1700 சேக்கல் எடையுள்ள பொன்னைப் பெற்று ஏபோத்து ஒன்றைச் செய்து தன் ஊரில் நிறுவினான். அரசரைப்போல் மனைவியர் பலரைக் கொண்டான். மறுமனையாட்டியின் மகனுக்கு வழங்கிய பெயரோ, 'என் தந்தை அரசன்' என்று பொருள்படுவது. வாயால் மறுத்த அரசுரிமையைப் பெயரில் தாங்கிய மகன் அதனைக் குருதி சிந்திப் பெற்றான் என்பதே கதையின் முதல் முரண். அபிமெலேக்கின் குற்றம் அவனிடமே தொடங்கவில்லை என்பதை நூல் இவ்வாறு உணர்த்திவிடுகிறது.

களமும் கருதத்தக்கது. சீகேம் இன்றைய நப்லுஸ் நகரத்தின் அருகிலுள்ள தெல் பலாத்தா என்னும் மேடாகும். ஏர்ன்ஸ்ட் செல்லின் 1913இல் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். 1956 முதல் எர்னஸ்ட் ரைட் தலைமையில் நடந்த ஆய்வுகள், பருத்த சுவர்களையுடைய கோட்டை போன்ற கோவிலொன்றின் இயல்பை விளக்கின. ரைட் அதனை அபிமெலேக்குக் கதையின் கோவிலோடு இணைத்தார். பின்வந்தோர் சிலர் அதனை ஏற்கவில்லை. இலக்கிய வாசிப்புக்கு அவ்விவாதத்தின் முடிவு இன்றியமையாததன்று. மறைநூலின் நினைவில் சீகேம் எத்தகைய இடம் என்பதே நமக்கு வேண்டுவது. ஆபிரகாம் கானானில் முதற் பலிபீடம் எழுப்பியது அங்கே. யோசுவா மக்களோடு உடன்படிக்கை செய்து கல் நாட்டியதும் அங்கேதான். தீனாளின் பொருட்டு யாக்கோபின் மைந்தர் அவ்வூராரை உடன்பாடு என்னும் பெயரால் ஏமாற்றிக் கொன்றதும் அங்கேதான். உடன்படிக்கையும் அதன் முறிவும் ஒரே மண்ணில் விளைந்த இடம் சீகேம் எனலாம்.

துரோகத்தின் சொற்கள்

இவ்வதிகாரத்தில் துரோகம் உறவின் மொழியைப் பேசிக்கொண்டு வருகிறது. தாய்வழி உறவினரிடம் அபிமெலேக்கு, தான் அவர்களுடைய எலும்பும் மாமிசமும் என்பதை நினைவூட்டுகிறான். அவர்களும் இவன் நம் சகோதரன் என்று சொல்லி மனம் சாய்கின்றனர். 'சகோதரன்' என்னும் சொல் அவனை அரியணையில் ஏற்றுகிறது. அச்சொல்லுக்கு உண்மையில் உரிய எழுபது பேர் அடுத்த வசனங்களிலேயே கொல்லப்படுகின்றனர்.

கோவிலின் பெயரிலும் இத்தகைய கடுமுரண் உண்டு. பாகால்பேரீத் என்பதற்கு 'உடன்படிக்கையின் தலைவன்' என்பது பொருள். உடன்படிக்கையைக் காக்கும் தெய்வத்தின் கருவூலத்திலிருந்து நம்பிக்கைக் கொலைக்குப் பணம் வருகிறது. எழுபது உயிர்களுக்கு எழுபது காசுகள்; உயிரொன்றுக்கு ஒரு காசு. கதைசொல்லி இக்கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. எண்களை அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். மேலும், இவ்வதிகாரம் முழுவதும் கிதியோன் அப்பெயரால் குறிக்கப்படாமல் யெருபாகால் என்றே குறிக்கப்படுகிறான். பாகாலின் பலிபீடத்தை இடித்ததனால், பாகாலே தனக்காக வழக்காடிக்கொள்ளட்டும் என்னும் பொருளில் அவனுக்கு வழங்கிய பெயர் அது. பாகாலின் பலிபீடத்தை இடித்தவனின் மைந்தரைப் பாகாலின் பணம் கொல்கிறது.

சீகேமின் தலைவர்களைக் குறிக்கும் எபிரேயத் தொடர் 'பாகலே சீகேம்' என்பதாகும். 'பாகால்' என்னும் சொல் தலைவன், உடையவன், தெய்வம் என்னும் பொருள்களைத் தாங்குவது. ஆகவே நகரத் தலைவர், கோவில் தெய்வம், கொலையுண்டோரின் தந்தை ஆகிய மூவரையும் ஒரே வேர் இணைக்கிறது. தமிழில் 'பெரிய மனுஷர்' என்று பெயர்க்கப்படும்போது இத்தொடர்பு மறைகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. ஒலியொப்புமையை நம்பி நிற்கும் உரைநடையை வேறுமொழிக்குக் கொண்டுவருவதில் உள்ள இயல்பான இழப்பாகும். சீகன்பால்கு 1719இல் மறைவதற்குமுன் ரூத்து நூல்வரை பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கினார் என்பதால், நியாயாதிபதிகள் நூல் தமிழுக்கு வந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் நூலின் தலைப்பை 'நீதித் தலைவர்கள்' என்று மாற்றியது. எனினும் இவ்வதிகாரத்தின் சொல்விளையாட்டை நாடுவோர் எபிரேய மூலத்திற்கே செல்ல வேண்டியுள்ளது.

யோதாமின் உவமைக் கதை

உயிர்தப்பிய யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று மரங்களின் கதையைச் சொல்கிறான். தமக்கு அரசனைத் தேடிய மரங்கள் ஒலிவ மரத்தையும் அத்தி மரத்தையும் திராட்சைக் கொடியையும் நாடுகின்றன. எண்ணெயையும் இனிமையையும் இரசத்தையும் விட்டுவிட்டுப் பிற மரங்களின்மேல் அசைந்தாடப் போவதில்லை என்று அவை மறுக்கின்றன. இறுதியில் முட்செடி இசைகிறது. உண்மையாகவே தன்னை அரசனாக்கினால் தன் நிழலில் வந்து ஒதுங்குமாறும், இல்லையேல் தன்னிடமிருந்து நெருப்புப் புறப்பட்டு லீபனோனின் கேதுரு மரங்களை எரிக்குமாறும் அது கூறுகிறது.

முடியாட்சிக்கு எதிரான கவிதைகளுள் உலக இலக்கியத்திலேயே வலிமை மிக்கது இது என்பது 1932இல் 'இறைவனின் அரசாட்சி' பற்றிய நூலை வெளியிட்ட மார்ட்டின் பூபரின் மதிப்பீடு. வேறு சிலர், உவமை முடியாட்சியைச் சாடவில்லை, தகுதியற்றவனை அரசனாக்கியதையே சாடுகிறது என்பர். தகுதியுடையோர் பொறுப்பை மறுத்ததையும் அது கண்டிக்கிறது என்பார் உளர். மூன்று வாசிப்புகளுக்கும் உவமையில் இடமுண்டு. ஆயினும் யோதாம் தன் பேச்சில் எடுத்துக்கொள்ளும் பொருள் இவற்றினின்று வேறானது. முடியாட்சி நல்லதா தீயதா என்று அவன் வாதிடவில்லை. நீங்கள் செய்தது உண்மையோடும் நேர்மையோடும் செய்ததா என்பதே அவன் வினா. 'எமெத்', 'தாமீம்' என்னும் அவ்விரு சொற்களை அவன் இருமுறை ஆள்கிறான். யோசுவா இதே சீகேமில் உடன்படிக்கை செய்தபோது மக்களிடம் வேண்டியதும் இவ்விரண்டையே. ஆகவே யோதாம் சீகேமியரை அவர்களுடைய மண்ணின் சொற்களாலேயே அளக்கிறான்.

அவன் நின்ற இடமும் பொருளுடையது. உபாகமத்தின்படி கெரிசீம் ஆசீர் கூறப்படும் மலை. சாபத்திற்குரியது எதிரேயுள்ள ஏபால். யோதாம் ஆசீரின் மலையிலிருந்து சாபம் கூறுகிறான். அச்சாபமும் நிபந்தனை வடிவிலேயே உள்ளது. நேர்மையாகச் செய்திருந்தால் அபிமெலேக்கால் நீங்களும் உங்களால் அவனும் மகிழுங்கள். இல்லையேல் அவனிடமிருந்து புறப்படும் நெருப்பு உங்களையும் உங்களிடமிருந்து புறப்படும் நெருப்பு அவனையும் எரிக்கட்டும் என்பது அதன் சாரம். உவமையில் நெருப்பு ஒருவழி நெருப்பு. முட்செடியிலிருந்து கேதுருவுக்குச் செல்வது. யோதாமின் விளக்கத்தில் அது இருவழி நெருப்பாகிறது. உவமைக்கும் விளக்கத்திற்கும் இடையேயுள்ள இவ்வேறுபாட்டைக் கொண்டு, உவமை முன்பே வழங்கிய தனிக்கதையாகலாம் என்று கருதுவோர் பலர். அக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயின் இன்றைய வடிவில் அவ்வேறுபாடுதான் கதையின் திட்டத்தை முன்கூட்டி வரைகிறது. இரு துரோகிகள் ஒருவரையொருவர் எரிப்பர் என்பதே அத்திட்டம்.

யோதாமை முற்றிலும் நடுநிலையாளனாகக் கொள்ளவும் இயலாது. கதைசொல்லி 'மறுமனையாட்டி' என்று குறித்த அபிமெலேக்கின் தாயை அவன் 'அடிமைப்பெண்' என்கிறான். காயமுற்றவனின் கசப்பு அச்சொல்லில் ஒலிக்கிறது. நீதி கேட்கும் குரலிலும் குலப்பெருமை கலந்திருப்பதை மறைக்காமல் காட்டுவது இந்நூலின் நேர்மை.

தெய்வம் அனுப்பிய தீய ஆவி

மூன்றாண்டுகளுக்குப் பின் எலோகிம் அபிமெலேக்குக்கும் சீகேமின் தலைவர்களுக்கும் இடையே தீய ஆவியொன்றை அனுப்பினார் என்று கதைசொல்லி கூறுகிறார். உடனே சீகேமியர் அவனுக்குத் துரோகம் செய்தனர் என்கிறார். கட்டுரையின் மைய வினா இங்கேதான் எழுகிறது.

'பாகத்' என்னும் எபிரேய வினைச்சொல் நம்பிக்கைக்கு மாறாக நடத்தலைக் குறிப்பது. கணவனை விட்டகலும் மனைவியைப் பேசும்போது எரேமியா ஆள்வதும் இச்சொல்லே. 'இரண்டகம்' என்னும் பழந்தமிழ்ச் சொல் இதற்கு நெருக்கமாக வருவது. அகம் இரண்டாதல் என்று விரித்துப் பொருள்கொள்ளவும் அது இடந்தருகிறது. வியப்புக்குரியது யாதெனில், எழுபது சகோதரரைக் கொன்ற செயலுக்கு இவ்வினைச்சொல் ஆளப்படவில்லை. அது 'கொடுமை' என்றும் 'தீமை' என்றும் குறிக்கப்படுகிறது. கதைசொல்லி துரோகம் என்று பெயரிட்டுச் சொல்வது, சீகேமியர் அபிமெலேக்குக்குச் செய்ததை மட்டுமே. அதாவது, தெய்வத்தின் தீர்ப்பு நிறைவேறத் தொடங்கும் செயலுக்கே துரோகம் என்னும் பெயர் வழங்கப்படுகிறது.

இதனை எளிதாகக் கடந்துசெல்லும் வாசிப்புகள் இரண்டு. தீயோன் தீயோனால் அழிந்தான், தெய்வம் நின்று கொன்றது என்று அமைதி கொள்வது ஒன்று. தெய்வத்தைப் பற்றிய வசனங்கள் பிற்காலத் தொகுப்பாளரின் ஒட்டுகள், அவற்றை நீக்கினால் எஞ்சுவது வெறும் அரசியல் கதை என்று ஒதுக்குவது மற்றொன்று. முதலாவது வாசிப்பு, தெய்வம் துரோகத்தைக் கருவியாகக் கொண்டதன் உறுத்தலை உணர மறுக்கிறது. இரண்டாவது, நூலில் உள்ள வடிவத்தையே கைவிடுகிறது. சவுலைத் துன்புறுத்திய ஆவியும், ஆகாபை ஏமாற்றத் தீர்க்கதரிசிகளின் வாயில் இடப்பட்ட பொய்யாவியும் மறைநூலின் பிற இடங்களில் வருவதால், இக்கருத்து இவ்வதிகாரத்திற்கு மட்டும் உரிய ஒட்டு என்பதும் ஐயத்திற்குரியது.

கிளவுஸ் கோக் என்னும் செருமானிய அறிஞர் 1955இல் எழுதிய கட்டுரையொன்று இங்கு உதவுகிறது. எபிரேய மறைநூலில் தெய்வத் தண்டனை பெரும்பாலும் வெளியிலிருந்து விதிக்கப்படும் ஒன்றன்று, செயல் தன் விளைவைத் தானே சுமந்துள்ளது, இறைவன் அவ்விளைவு பிறக்க மருத்துவச்சிபோல் துணைநிற்கிறார் என்பது அவர் கொள்கை. அதிகாரத்தின் இறுதியில் எலோகிம் தீமையைத் 'திரும்பச் செய்தார்' என்று வரும் வினைச்சொல் அவர் கருத்துக்கு இசைவானது. ஆயினும் அக்கொள்கை இக்கதையின் ஒரு கூறினை விளக்குவதில்லை. இங்கே தெய்வம் மருத்துவச்சியாக மட்டும் நில்லாமல் ஆவியை அனுப்புகிறது, தானே தொடங்கிவைக்கிறது. அதே வேளையில், அந்த ஆவி புதிதாக எதனையும் படைக்கவில்லை என்பதும் உண்மை. கூலிக்கும் உறவுப் பேச்சுக்கும் நேற்று விலைபோனவர்கள் இன்றும் விலைபோகின்றனர். துரோகத்தால் கட்டப்பட்ட உறவில் துரோகம் முன்பே குடியிருந்தது. ஆவி அதற்கு வேளை குறித்தது எனலாம்.

கதையமைப்பும் இதற்குச் சான்று. தெய்வத்தின் செயலைக் கூறும் முதலிடம் 23, 24ஆம் வசனங்கள். அடுத்த இடம் 56, 57ஆம் வசனங்கள். இடைப்பட்ட 31 வசனங்களில் இறைவன் செயற்படுவதாக ஒரு சொல்லும் இல்லை. மலைவழிக் கொள்ளை, திருவிழாக் குடி, வீம்புப் பேச்சு, இரகசியத் தூது, பதுங்கிப் பாய்தல் ஆகிய மனிதச் செயல்களே அங்கு நிறைந்துள்ளன. இடையில் வருவோரும் நம்பத்தகாதவரே. ஏபேதின் மகன் காகால் சீகேமியரின் நம்பிக்கையைப் பெறுகிறான். தந்தையின் பெயருக்கு 'அடிமை' என்பது பொருள். ஒருவன் தாயை அடிமை என்று இகழப்பட்ட கதையில், அவனுக்கு மாற்றாக வருபவன் அடிமையின் மகனென்று பெயர் பெற்றிருப்பது நகைப்புக்குரியது. நகராளுநன் சேபூல் அபிமெலேக்குக்கு இரகசியமாக ஆளனுப்பிவிட்டு, நகர வாயிலில் காகாலோடு தோழன்போல் நிற்கிறான். மலையிலிருந்து இறங்கும் படையைக் காகால் கண்டபோது, அது மலைகளின் நிழல் என்று அவன் ஏமாற்றுகிறான். 'நிழல்' என்னும் இச்சொல் முன்னர் முட்செடியின் வாயில் வந்தது. முட்செடி நிழல் தருவதாகச் சொன்னது. அந்நிழல் வந்தபோது அதனுள் படை இருந்தது.

நெருப்பு

நகரத்தை வென்ற அபிமெலேக்கு மக்களைக் கொன்று, நகரை இடித்து, உப்பை விதைக்கிறான். சீகேமின் கோபுரத்தில் இருந்தோர் தம் தெய்வத்தின் கோவிலிலுள்ள அரணில் அடைக்கலம் புகுகின்றனர். முன்பு காசு தந்த உடன்படிக்கைத் தெய்வத்தின் இல்லம் அது. அபிமெலேக்கு சல்மோன் மலைக்குச் சென்று கோடரியால் மரக்கிளையை வெட்டித் தோளில் வைத்துக்கொள்கிறான். தன் ஆட்களையும் அவ்வாறே செய்யப் பணிக்கிறான். கிளைகளை அரணோடு சேர்த்துத் தீயிடுகிறான். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் மடிகின்றனர்.

உவமை இங்கே உருவகநிலையை விட்டு நடப்பாகிறது. மரங்களின் அரசன் மரங்களை வெட்டுகிறான். முட்செடியிலிருந்து நெருப்புப் புறப்படுகிறது. எபிரேயத்தில் 'தோள்' என்பதற்கும் 'செகெம்' என்றே பெயர். கிளையைத் தன் செகெமின்மேல் வைத்தவன் சீகேமின்மேல் நெருப்பை வைக்கிறான். சொல்லளவில் இது ஒரு சிலேடை. ஆயின் நகரத்தின் தோளில் ஏறி அரசனானவன், அத்தோளையே எரிக்கிறான் என்னும் செய்தி அதனுள் அடங்கியுள்ளது.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் மதுரைத் தீ நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டிலும் ஒரு நகரம் எரிகிறது. இரண்டிலும் அரசின் பிழை காரணம். வேற்றுமையே நம் கவனத்திற்குரியது. சிலப்பதிகாரத்தில் தீக்கடவுள் கண்ணகியின்முன் தோன்றி யாரை விடுவது என்று கேட்கிறான். அந்தணர், அறவோர், பசு, பத்தினியர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரை மட்டும் சேருமாறு அவள் ஏவுகிறாள். அத்தீக்குத் தேர்ந்தறியும் கண் உண்டு. சீகேமின் தீக்கு அத்தகைய கண் இல்லை. அரணுக்குள் மடிந்த ஆயிரவருள் எழுபது காசுகளை எடுத்துக் கொடுத்தவர் எத்தனை பேர், அதனை அறியாதவர் எத்தனை பேர் என்று யாரும் வினவுவதில்லை. எரித்தவனோ அறத்தின் திருவுரு அல்லன், கொலையாளி. தீர்ப்பைத் தீயோனின் கையில் ஒப்படைத்தால் அது தீயோனின் முறையிலேயே நடக்கும் என்பதை இக்கதை மறைக்கவில்லை. கதைசொல்லி 'ஆணும் பெண்ணும்' என்று தெளிவுறக் குறிப்பதை இந்நோக்கில் வாசிக்க வேண்டும். அவர் இரங்கல் கூறவில்லை. எண்ணிக்கையை மட்டும் பதிந்துவைத்தார்.

கல்

தேபேஸ் நகரில் இதே காட்சி மறுபடியும் தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் நகரத் தலைவர்களும் கோபுரத்திற்குள் புகுகின்றனர். தேபேஸ் செய்த குற்றம் எதுவும் கூறப்படவில்லை. கோபுர வாயிலில் தீயிட அபிமெலேக்கு நெருங்கும்போது, பெண்ணொருத்தி மேல்திரிகைக் கல்லை அவன் தலையின்மேல் எறிந்து மண்டையை உடைக்கிறாள்.

இவ்விடத்தில் அதிகாரத்தின் சொல்வலை இறுகுகிறது. கதையின் தொடக்கத்தில் எழுபதின்மருக்கு மாற்றாக 'ஒருவன்' என்று தன்னை முன்வைத்தவன், எழுபதின்மரை 'ஒரே கல்லின்மேல்' கொன்றான். 'ஒரு பெண்' எறிந்த கல் அவனை வீழ்த்துகிறது. அவ்வாறே 'ரோஷ்' என்னும் தலையைக் குறிக்கும் சொல் அதிகாரம் முழுவதும் உலவுகிறது. யோதாம் நின்ற மலையுச்சி, கொள்ளையர் பதுங்கிய மலையுச்சிகள், அபிமெலேக்கின் படைப்பிரிவுகள் யாவும் அச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. இறுதியில் கல் அவன் தலையில் விழுகிறது. சீகேமியரின் தீமை அவர்தம் தலையில் திரும்புகிறது. கல்லுக்குக் கல் என்னும் இவ்வமைப்பினைப் போகார்ட் 1985இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இதனோடு சேர்த்துக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. உபாகமச் சட்டம் திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கக் கூடாது என்று தடுக்கிறது. அது ஒருவரின் உயிரையே அடகு வாங்குவதாகும் என்பது காரணம். திரிகை அன்றாட உணவின் கருவி. பெண்களின் கைபட்ட பொருள். உயிரைக் காக்கும் கல் அது. எழுபதின்மர் மடிந்த கல் உயிரைப் பறித்த கல். கல்லுக்குக் கல் என்று கணக்குத் தீர்ந்ததென முடித்துவிடாமல், எத்தகைய கல் என்று நோக்கினால் வேறொரு பொருள் புலனாகிறது. இக்கதையில் தீய ஆவியால் உந்தப்படாமல், கூலி பெறாமல், சூழ்ச்சி செய்யாமல் தீமையை நிறுத்தியவர் அப்பெயரில்லாப் பெண் ஒருத்தியே. அவள் செயலில் துரோகம் இல்லை. தற்காப்பு மட்டுமே உண்டு. கோபுரத்திலிருந்த அனைவரும் அதனால் பிழைத்தனர். துரோகத்தின்வழி நடந்த தீர்ப்பு ஆயிரவரை எரித்தது. துரோகமின்றி நடந்த செயல் நெருப்பை அணைத்தது.

சாகும் வேளையில் அபிமெலேக்கு தன் ஆயுததாரியை அழைத்து, ஒரு பெண் கொன்றாள் என்று பேசப்படாதவாறு தன்னை வெட்டுமாறு பணிக்கிறான். இளைஞன் குத்துகிறான். அவ்வேண்டுகோள் பலித்ததா என்பதற்கு விடை வேறொரு நூலில் உள்ளது. உரியாவின் மரணச் செய்தியைத் தாவீதுக்கு அனுப்பும் யோவாபு, மதிலருகே சென்றதேன் என்று அரசன் சினந்து அபிமெலேக்கின் முடிவை நினைவூட்டக்கூடும் என்று தூதனிடம் கூறுகிறான். அவன் வாயில் வருவது பெண்ணும் திரிகைக் கல்லுமே. ஆயுததாரியின் வாள் இல்லை. மறைக்க விரும்பியதே நிலைத்தது. தாவீது கதையிலுள்ள இக்குறிப்பின் நகைமுரணை மெயர் ஸ்டெர்ன்பெர்க் தம் 1985ஆம் ஆண்டு நூலில் நுணுகி ஆராய்ந்துள்ளார். இங்கு நமக்கு வேண்டியது ஒன்று: ஒரு துரோகியின் முடிவு, மற்றொரு துரோகத்தை மூடிமறைக்கும் செய்தியினுள் எடுத்துக்காட்டாக நுழைகிறது. தாவீது அதனைக் கேட்டு விழிப்படையவில்லை. நாத்தானின் உவமை வரும்வரை அவன் உறங்குகிறான். நினைவு தானாகத் தீர்ப்பாகிவிடுவதில்லை. கேட்பவன் தன்னை அதில் காண வேண்டியுள்ளது.

எஞ்சும் வினாக்கள்

இறுதி இரு வசனங்கள் கணக்கை முடிக்கின்றன. அபிமெலேக்கின் தீமையும் சீகேமியரின் தீமையும் திரும்பின. யோதாமின் சாபம் பலித்தது. ஆயின் கணக்கில் வராதோர் உளர். சேபூல் என்னவானான் என்பது கூறப்படவில்லை. பேயேருக்கு ஓடிய யோதாம் திரும்பவில்லை. தந்தையின் பெயர் அவனோடு அரியணை ஏறவும் இல்லை. தலைவன் இறந்ததைக் கண்ட இஸ்ரவேலர் தத்தம் இடத்திற்குச் செல்கின்றனர். வெற்றிப் பாடல் இல்லை. நாடு அமைதி பெற்றது என்று பிற நியாயாதிபதிகளின் கதைகளில் வரும் வாய்பாடும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் தோலா எழும்பும்வரை மீட்பு என்னும் சொல்லே காணப்படவில்லை. தீர்ப்பும் மீட்பும் ஒன்றல்ல என்பதை இம்மௌனம் உணர்த்துகிறது. தீமை திரும்பியது, நன்மை திரும்பியதாக நூல் கூறவில்லை. யாவே என்னும் உடன்படிக்கைப் பெயர் அதிகாரத்தில் வாராமையும் இதனோடு ஒத்துப்போகிறது. உடன்படிக்கையை முறித்தவரிடையே தெய்வம் நீதிபதியாக நிற்கிறது, உறவினராக நிற்கவில்லை.

முடிவுரை

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் முதுமொழியோடு இக்கதையை முடித்துவிடுவது வகுப்பறையில் எளிது. கதைசொல்லியின் இறுதிக் கூற்றும் அதற்கு இடந்தருகிறது. ஆயின் அவ்வாறு முடிக்கும் ஆசிரியர், அரணுக்குள் எரிந்த ஆயிரவரை மாணவரின் கண்ணிலிருந்து மறைக்க நேரிடும். துரோகத்தைத் துரோகத்தாலேயே தண்டிக்கும் தீர்ப்பு நடக்கக்கூடியது, அது தெய்வத்தின் ஆட்சிக்கு உட்பட்டதும் ஆகும் என்று இவ்வதிகாரம் கூறுகிறது. அதே மூச்சில், அத்தீர்ப்பு எத்துணை விலை கேட்கும் என்பதையும் எண்ணிக் காட்டுகிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வது பாதிக் கதையைக் கற்பிப்பதாகும்.

முட்செடியை அரசனாக்கியோர் நெருப்பைத் தவிர வேறு நிழலை எதிர்பார்த்தற்கில்லை. ஆனால் அந்நெருப்பு முட்செடியைத் தேர்ந்தவரோடு நிற்பதில்லை. யோதாமின் உவமையில் எரிவது, தேர்தலில் பங்குகொள்ளாத லீபனோனின் கேதுருவும்தான். தேபேசின் பெண் அதனைத் தடுத்தாள். அவள் பெயரை நூல் பதிந்துவைக்கவில்லை; அவள் கையிலிருந்த கல்லைப் பதிந்துவைத்தது.